துப்பாக்கி சுடும் தளத்தில் முதல் நாள்: கேஸைத் திறப்பது முதல் பூட்டுவது வரை, வேலூர்ப் பக்கத்துப் புதியவர்களுக்கு

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் என்று நம் பக்கத்திலிருந்து 10 மீட்டர் ஏர் ரைஃபிளும் ஏர் பிஸ்டலும் பழக வருகிற பிள்ளைகள் முதல் நாளே கேட்பது குறி பார்ப்பதைப் பற்றித்தான். அது இந்த வழிகாட்டியில் இல்லை. சுடாத நேரத்தில் துப்பாக்கியை என்ன செய்வது, பக்கத்தில் இருப்பவருக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பதுதான் முழுக்க.

டார்கெட்டைப் பார்த்து நிற்கிறவர் பெரும்பாலும் கவனமாகத்தான் இருப்பார். கேஸைத் திறக்கும்போது, பேப்பர் மாற்றும்போது, ஸ்கோரைக் காட்டப் பின்னால் திரும்பும்போது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மூட்டை கட்டும்போது புதியவர்கள் தடுமாறுவதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முந்தைய படி முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையில்தான் அடுத்த படி அமைந்திருக்கிறது.

1. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

எடுத்துவைக்க வேண்டியவை: பூட்டக்கூடிய கேஸ், ஆரஞ்சு நிற சேஃப்டி ஃபிளாக் (குழலுக்குள் செருகும் இழை), கண்ணைப் பக்கவாட்டிலும் மறைக்கிற கண்ணாடி, விரல் மூடிய ஷூ, அடையாள அட்டை, துப்பாக்கி வாங்கிய ரசீது. செருப்போடு வராதீர்கள். ஸ்பிரிங் வகைத் துப்பாக்கி காலில் விழுந்தால் விரல் நசுங்கும்.

குழல் 4.5 மி.மீ., முனை ஆற்றல் (குண்டு வெளியேறும்போது அதற்கு இருக்கும் ஆற்றல்) 20 ஜூலுக்கு மிகாமல் இருக்கும் ஏர்கன்னுக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். இருந்தாலும் பஸ்ஸிலோ காட்பாடி ஜங்ஷனிலோ யாராவது கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லக் காகிதம் கையில் இருக்க வேண்டும். கேஸை வழியில் எங்கும் திறந்து காட்டாதீர்கள், கேட்பவர் சொந்தக்காரராகவே இருந்தாலும். போலீஸ்காரர் கேட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் வாயால் சொல்லிவிட்டு, அவர் திறக்கச் சொன்ன பிறகு திறங்கள்.

அழுத்தக் காற்று சிலிண்டர் உள்ள துப்பாக்கி என்றால் சிலிண்டரில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். காலாவதியான சிலிண்டருக்குக் காற்று பிடிக்கக் கூடாது. அதைக் கவனிக்கும் பொறுப்பு சிலிண்டர் வைத்திருப்பவருடையது என்றுதான் பன்னாட்டுப் போட்டி விதியே சொல்கிறது.

நம் ஊர் வெயிலுக்காக இதையும் சேர்த்துச் சொல்கிறேன். நிறுத்தி வைத்த காருக்குள் கேஸை விட்டுப் போகாதீர்கள். 30 டிகிரியில் 200 பார் அழுத்தம் காட்டும் சிலிண்டர் 60 டிகிரியில் 220 பாரை நெருங்கும். முழுக்க நிரப்பிய சிலிண்டருக்கு அது வேண்டாத சுமை. மே மாதத்தில் மூடிய காருக்குள் அந்தச் சூடு வருவது பெரிய விஷயமில்லை.

2. உள்ளே நுழைந்ததும் கேஸைத் தொடாமல் பாருங்கள்

நின்று பார்க்க வேண்டியவை மூன்று. சுடும் கோடு எது? கோட்டுக்கு முன்னால் இப்போது யாராவது இருக்கிறார்களா? இன்றைக்குக் கட்டளை கொடுப்பவர் யார்?

மூன்றாவதைப் பலரும் கேட்பதே இல்லை. ரேஞ்ச் ஆபீசராக ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க வேண்டும். மாஸ்டர் ஒரு பக்கம், மூத்த மாணவர் ஒரு பக்கம் என்று இருவர் கட்டளை கொடுத்தால், ஒருவர் "ஸ்டாப்" சொன்னதைக் கேட்டு முன்னால் போகிறவர் மீது இன்னொருவர் சொன்ன "ஸ்டார்ட்" வந்து விழும். மாஸ்டர் டீ குடிக்கப் போனால்கூட, "இப்ப யாரு பாக்கறது?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தொடருங்கள். பதில் வரவில்லையென்றால் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு உட்காருங்கள்.

முதலுதவிப் பெட்டியும் தீயணைப்பானும் எங்கே இருக்கின்றன என்று அப்போதே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

3. கேஸைத் திறக்கும் இடம்

கேஸைச் சுடும் மேசையின் மீது வையுங்கள். துப்பாக்கி முனை டார்கெட் பக்கம் இருக்கும்படி வைத்து, அதன் பிறகு திறங்கள். பின்னால் நாற்காலியிலோ தரையிலோ திறக்கக் கூடாது.

நாற்காலியில் திறந்து துப்பாக்கியைக் கையில் எடுத்தால் மேசைக்கு வர நான்கைந்து அடி நடக்க வேண்டும். அந்த நடையில் முனை எல்லோருடைய வயிற்றையும் ஒரு சுற்று சுற்றி வரும். மேசையில் சரியான திசையில் திறந்தால், எடுக்கும் முதல் நொடியிலிருந்தே முனை பார்க்க வேண்டிய பக்கம் பார்க்கிறது.

மூடியிருக்கும் கேஸில் முனை எந்தப் பக்கம் என்று வெளியே தெரியாது. புதியவர்கள் தப்பான பக்கம் வைத்துத் திறந்துவிட்டு, உள்ளே இருக்கும் துப்பாக்கியைத் தூக்கித் திருப்புவார்கள். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கேஸின் வெளிப்புறத்தில் முனை இருக்கும் பக்கம் சிவப்பு டேப் ஒட்டி ஓர் அம்புக்குறி போடுங்கள். அப்படியும் தப்பாகத் திறந்துவிட்டால் மூடியைத் திரும்பச் சாத்துங்கள், கேஸோடு திருப்புங்கள், மறுபடி திறங்கள்.

பிஸ்டல்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரைஃபிள் நீளமானது, திரும்பினால் பக்கத்து லேன்காரர் பார்த்துவிடுவார். பிஸ்டலில் மணிக்கட்டு கொஞ்சம் மடங்கினாலே முனை பக்கத்து லேனைப் பார்க்கும். அது யார் கண்ணுக்கும் படாது.

4. ஃபிளாக்

ஏர்கன்னுக்கான சேஃப்டி ஃபிளாக் என்பது குழலின் முழு நீளத்துக்கும் போகிற ஆரஞ்சு நிற நைலான் இழை. ஒரு நுனி பின்பக்கம் பெல்லட் (ஏர்கன்னில் போடும் சிறு ஈயக் குண்டு) வைக்கும் இடத்தில் தெரிய வேண்டும், மறு நுனி முனைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு நுனியும் தெரிந்தால் குழலுக்குள் பெல்லட் இல்லை என்று தூரத்தில் இருப்பவருக்கும் தெரியும். உங்கள் வார்த்தையை யாரும் நம்ப வேண்டிய தேவை அங்கே இல்லை.

இழையை வெட்டிக் கட்டையாக்கி, பின்பக்கம் மட்டும் செருகி வைக்கிற பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தக் கட்டைத் துண்டு எதையும் நிரூபிக்காது. அதற்கு முன்னால் குழலுக்குள் ஒரு பெல்லட் சிக்கியிருக்கலாம்.

ஃபிளாக்கை எப்போது எடுப்பது? கட்டளை வந்த பிறகு. எப்போது போடுவது? "ஸ்டாப்", "அன்லோட்" இரண்டும் வந்ததும், துப்பாக்கியை விட்டுக் கையை எடுப்பதற்கு முன். தண்ணீர் குடிக்க நகர்ந்தாலும் இதுவேதான்.

சேஃப்டி லாக்கை மட்டும் நம்பி ஃபிளாக்கை விட்டுவிடாதீர்கள். லாக் இயந்திரம், தேயும். போட்டிக்கான ஏர் ரைஃபிள் பலவற்றில் லாக்கே கிடையாது.

5. கட்டளைகள்

பன்னாட்டுப் போட்டிகளில் எங்கே போனாலும் ஒரே சொற்கள்தான்: லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட். இவற்றைத் தமிழாக்கவோ சுருக்கவோ வேண்டாம். "சரிப்பா, ஆரம்பிக்கலாம்", "போதும் விடு" என்று சொல்லிப் பழகினால் பேச்சு எது, கட்டளை எது என்று தெரியாமல் போகும்.

"ஸ்டாப்" வந்தால் குறியில் இருந்தாலும் சுடக் கூடாது. "கடைசி ஒண்ணு" என்று விரலை அழுத்துகிறவரை நான் உடனே கோட்டிலிருந்து இறக்கிவிடச் சொல்வேன். போட்டியிலும் "ஸ்டாப்"புக்குப் பிறகு அனுமதியில்லாமல் லோட் செய்த துப்பாக்கியைக் கையாண்டால் தகுதி நீக்கம் வரை போகும். கையில் லோட் செய்த துப்பாக்கியோடு மாட்டிக்கொண்டால் முனையை டார்கெட் பக்கமே வைத்து, வெறும் கையைத் தூக்கி, "லோடட்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். ரேஞ்ச் ஆபீசர் வந்து சொல்கிறபடி காலி செய்யுங்கள்.

பெல்லட் இல்லாமல் விசையைத் தட்டிப் பழகும் டிரை ஃபயருக்கும் இதே ஒழுங்குதான். கோட்டில், அனுமதியோடு, முனை டார்கெட் பக்கம். பின்னால் சுவரைப் பார்த்து நின்று பழகக் கூடாது. காலி என்று நினைத்துத் தட்டுகிற பழக்கம்தான் ஒரு நாள் காலியில்லாத துப்பாக்கியைத் தட்டும்.

6. கோட்டில் நிற்கும்போது

விரலைப் பற்றி முதலில். போட்டி ஏர் பிஸ்டலுக்கு விசையின் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. ஏர் ரைஃபிளுக்கு அப்படி எந்தக் குறைந்தபட்சமும் இல்லை. நன்றாகச் சரிசெய்த ரைஃபிளின் விசை, விரல் உரசினாலே விழும். அதனால் டார்கெட்டில் குறி நிற்கும் வரை விரல் விசைக் காப்புக்கு வெளியே, கட்டை மீது நீட்டியபடி இருக்கட்டும். குறியை விட்டு இறக்கினால் விரலும் வெளியே வர வேண்டும்.

லோட் செய்த துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு மூக்கைத் துடைக்காதீர்கள். ஒன்று டார்கெட்டை நோக்கிச் சுடுங்கள், இல்லையென்றால் அனுமதி கேட்டுக் காலி செய்யுங்கள்.

மடக்கி லோட் செய்யும் ஸ்பிரிங் துப்பாக்கி என்றால், பெல்லட் வைக்கும் வரை மடக்கிய குழலை மறு கையால் பிடித்துக்கொண்டே இருங்கள். உள்ளே இருக்கும் கொக்கி நழுவினால் குழல் படாரென்று மூடும், நடுவில் விரல் இருந்தால் எலும்பு உடையும். இந்த வகைத் துப்பாக்கியில் பெல்லட் இல்லாமல் தட்டவும் கூடாது. பிஸ்டன் வெறுமனே மோதிச் சேதமாகும்.

எதைச் சுடுவது என்பதிலும் ஒழுங்கு வேண்டும். உங்கள் லேனின் டார்கெட் மட்டும்தான். காலி பாட்டில், நாணயம், ஓட்டுத் துண்டு எதையும் வைக்காதீர்கள். போட்டி ரைஃபிளின் அரை கிராம் பெல்லட் விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகிறது. டார்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சாய்வான இரும்புத் தகடு அதைக் கீழே பொறிக்குள் தள்ளும்படி அமைக்கப்பட்டது. நேரான கெட்டிப் பரப்பில் பட்டால் அது சுட்டவர் பக்கமே திரும்பி வரும். கண்ணாடி போடச் சொல்வது அதற்குத்தான். பின்னால் நிற்பவருக்கும் அது பொருந்தும்.

7. கோட்டைத் தாண்டி முன்னால் போவது

இந்த ஒரு பகுதியை மட்டும் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஆபத்து முழுக்க ஒன்று சேரும் இடம் இது. மனிதர் முன்னால், துப்பாக்கி பின்னால்.

முதலில் "ஸ்டாப்", பிறகு "அன்லோட்". எல்லாத் துப்பாக்கியும் மேசையில், ஃபிளாக் இரு நுனியும் தெரிய. எல்லோரும் மேசையிலிருந்து இரண்டடி பின்வாங்கி நிற்க வேண்டும். கடைசி லேனில் இருப்பவர் முதல் லேன் வரை நடந்து ஒவ்வொரு ஃபிளாக்கையும் கண்ணால் பார்த்து "கிளியர்" சொல்வார். அதன் பிறகே ரேஞ்ச் ஆபீசர் முன்னால் போக அனுமதிப்பார்.

ரேஞ்ச் ஆபீசர் இருக்கும்போது கடைசி லேன்காரர் எதற்கு என்று கேட்பார்கள். ரேஞ்ச் ஆபீசர் தினமும் அதே மேசைகளைப் பார்க்கிறவர். பழகிய கண் இல்லாததை இருப்பதாகப் பார்க்கும். இரண்டாவது ஜோடிக் கண் வேண்டும், அது ஒவ்வொரு முறையும் வேறு ஆளுடையதாக இருந்தால் நல்லது. பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், பெரியவர்களைவிடக் கறாராகப் பார்ப்பார்கள்.

முன்னால் ஆள் இருக்கும்போது யாரும் எந்தத் துப்பாக்கியையும் தொடக் கூடாது. துடைக்கக் கூடாது, சைட் திருகைத் திருகக் கூடாது, நகர்த்தி வைக்கவும் கூடாது. "ஃபிளாக் போட்டிருக்கே அண்ணா" என்று பதில் வரும். முன்னால் நிற்பவருக்கு முதுகில் கண் இல்லை. பின்னால் இரும்பு நகரும் சத்தம் கேட்டால் அவருக்கு அது எது என்று தெரியாது.

எல்லோரும் திரும்பி வந்ததும் தலைகளை எண்ணுங்கள். மூன்று பேர் போனால் மூன்று பேர் வந்தாரா என்று பார்த்த பிறகுதான் அடுத்த கட்டளை. டார்கெட் சட்டத்துக்குப் பின்னால் குனிந்து பெல்லட் பொறுக்கும் பையன் கோட்டிலிருந்து பார்த்தால் தெரிய மாட்டான்.

கயிற்றுச் சக்கரத்தில் பேப்பர் வந்து போகிற தளங்களில் முன்னால் போகிற தேவை குறைவு. அங்கே நடக்கும் தப்பு வேறு. கயிறு பாதியில் சிக்கிக்கொள்ளும், மேசை மீது எட்டிக் கையை நீட்டுவார்கள், ஒரு காலை முன்னால் வைப்பார்கள். ஒரு கை முன்னால் போவதும் ஆள் முன்னால் போவதும் ஒன்றுதான். ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள்.

8. "ஸ்டாப்" யார் சொல்லலாம்

யார் வேண்டுமானாலும். இன்று காலை சேர்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லலாம். தண்ணீர் கேன் போட வந்தவரும் சொல்லலாம். "ஸ்டார்ட்" சொல்லும் உரிமை ஒருவருக்கு, "ஸ்டாப்" சொல்லும் உரிமை அங்கே நிற்கும் எல்லோருக்கும்.

நம் ஊரில் இது சுலபமாக நடப்பதில்லை. கம்மவான்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அப்படி ஓய்வு பெற்று வந்த பெரியவர்கள் தளத்துக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்கள் கையில் முனை ஒரு பக்கம் சாய்ந்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? "சார்…" என்று இழுக்கும். "சார், ஒரு நிமிஷம் சார், வந்து சார்…" என்று மரியாதையைச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். பல பிள்ளைகள் அதையும் சொல்லாமல் நகர்ந்து மட்டும் நிற்கும்.

அதனால் முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். ஆபத்து தெரிந்தால் ஒரே சொல், "ஸ்டாப்". பெயர் வேண்டாம், சார் வேண்டாம், அண்ணா வேண்டாம், காரணமும் வேண்டாம். அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்தாமல் கத்திப் பழக வையுங்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு முதல் முறை சத்தமே வராது. மாஸ்டரே வேண்டுமென்று ஃபிளாக் இல்லாமல் காலித் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, யார் முதலில் கத்துகிறார்கள் என்று பார்க்கலாம்.

கேட்பவரின் கடமையும் அதே அளவு முக்கியம். யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று தலையைத் திருப்பாதீர்கள். தலை திரும்பினால் தோளும் துப்பாக்கியும் கூடவே திரும்பும். முதலில் விரல் வெளியே, பிறகு துப்பாக்கி மேசையில், அதன் பிறகு கேள்வி.

எல்லாம் அடங்கிய பிறகு கத்தியவர் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். "மூணாவது லேன் பக்கம் முனை வந்துச்சிண்ணா" என்றால் போதும். "உங்களுக்கு எப்பவுமே கவனம் இல்ல" என்று போனால் அது சண்டையாகும். சொல்லப்பட்டவர் "சரி" என்று திருத்திக்கொள்ள வேண்டும். நான் எத்தனை வருஷமா துப்பாக்கி பிடிக்கிறேன் தெரியுமா என்ற பேச்சுக்குக் கோட்டில் இடமில்லை.

கத்தியது தவறான எச்சரிக்கையாக இருந்தால்? நன்றி சொல்லிவிட்டுத் தொடருங்கள். ஒரு முறை அந்தப் பிள்ளையைத் திட்டினால் அடுத்த முறை உண்மையிலேயே ஆபத்து வரும்போது அது வாய் திறக்காது. பக்கத்தில் நின்று பார்த்த மற்றப் பிள்ளைகளும் திறக்க மாட்டார்கள்.

கூடவே ஒரு நோட்டு வையுங்கள். தேதி, லேன் எண், என்ன நடந்தது என்று இரண்டு வரி. ஆள் பெயர் எழுத வேண்டாம். பெயர் எழுதினால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். மாதக் கடைசியில் படித்தால் ஒரே இடத்தில் ஒரே தப்பு திரும்பத் திரும்ப நடப்பது தெரியும். அங்கே மேசையை நகர்த்த வேண்டுமா, கோட்டை மறுபடி வரைய வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

9. துப்பாக்கி கோளாறு செய்தால்

தட்டியும் வெடிக்கவில்லை, சத்தம் மாறி வந்தது, டார்கெட்டில் துளை இல்லை. மூன்றிலும் செய்வது ஒன்றே: முனை டார்கெட் பக்கம், விரல் வெளியே, வெறும் கையைத் தூக்குங்கள்.

குழலுக்குள் எட்டிப் பார்ப்பது, மறுபடி ஒரு பெல்லட் வைத்துச் சுட்டுத் தள்ளப் பார்ப்பது இரண்டும் வேண்டாம். காற்று குறைந்த துப்பாக்கியில் பெல்லட் நடுவழியில் நின்றிருக்கும், இரண்டாவது அதன் பின்னால் போய் அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர் உதவிக்குத் தாவக் கூடாது. அவர் கையில் ஏற்கெனவே ஒரு துப்பாக்கி இருக்கிறது.

10. கரண்ட் போனால், தலை சுற்றினால்

உள்ளரங்கில் விளக்கு அணைந்தால் யாரும் சொல்லாமலே அது "ஸ்டாப்". துப்பாக்கியை அப்படியே மேசையில் இறக்கி, கையை எடுத்து, நின்ற இடத்திலேயே நில்லுங்கள். இருட்டில் ஃபிளாக்கைத் தேடித் துழாவ வேண்டாம். டார்ச்சோ இன்வெர்ட்டரோ வந்த பிறகு ரேஞ்ச் ஆபீசர் லேன் லேனாக வந்து பார்ப்பார். பொறுமை இல்லாமல் செல்போன் வெளிச்சத்தில் ஒருவர் முன்னால் நடந்தால் எல்லாமே வீண்.

கெட்டித் துணியும் தோலும் சேர்ந்த ரைஃபிள் ஜாக்கெட்டை அக்னி நட்சத்திர நாட்களில் தகரக் கூரைக்குக் கீழே போட்டு நிற்பது உடம்புக்குப் பெரிய சோதனை. காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். கண் இருட்டினால் வரிசை மாறக் கூடாது: முதலில் துப்பாக்கி மேசைக்கு, பிறகு கை மேலே, பிறகு உட்காருங்கள். பிள்ளைகள் தலை சுற்றலைச் சொல்ல வெட்கப்படுவார்கள். பக்கத்து லேனில் இருப்பவர் முகத்தைப் பார்த்து முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்.

11. கூட வருகிறவர்கள்

சுடுகிறவர்களுக்குப் பின்னால் போட்டிருக்கும் கோட்டுக்கு அப்பால் இருங்கள். போனைச் சைலண்டில் போடுங்கள். ஃபிளாஷ் அடித்துப் படம் எடுக்காதீர்கள்.

முக்கியமாக, சுடுகிறவரின் தோளைத் தொடாதீர்கள். தோளைத் தொட்டால் யாரும் தன்னையறியாமல் திரும்புவார்கள், கையில் இருப்பதும் திரும்பும். அவர் துப்பாக்கியை மேசையில் வைக்கும் வரை காத்திருந்து, கண்ணில் படும்படி பக்கவாட்டில் வந்து பேசுங்கள். மாஸ்டர்களுக்கும் இதே விதிதான்.

"ஒரே ஒரு தடவ நானும் பாக்கறேன்" என்று கேட்கிற மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் உங்கள் துப்பாக்கியை நீங்களாக நீட்ட வேண்டாம். ரேஞ்ச் ஆபீசரிடம் கேட்டு, இரண்டாம் பகுதியிலிருந்து அவர்களும் தொடங்க வேண்டும்.

12. திறந்தவெளியில் .22

என்.சி.சி. பிள்ளைகள் .22 ரைஃபிளை (காற்றில் இல்லாமல் தோட்டாவில் சுடுவது) 25 மீட்டர் தளத்தில் சுட்டுவிட்டு வருவார்கள். மேலே சொன்னது எல்லாம் அங்கேயும் உண்டு. கூடுதலாகச் சில.

.22 குண்டு ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடியது. டார்கெட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேடுதான் அதை நிறுத்துகிறது. நம் பக்கத்து மண்ணில் கல் அதிகம். மழைக்குப் பிறகு மேல் மண் கரைந்து கருங்கல் வெளியே தெரியும். கல்லில் பட்ட குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மழைக்கும் பிறகு மேட்டைப் போய்ப் பார்த்து, கல்லைப் பொறுக்கி, சலித்த மண்ணைப் போடுவது தளத்தைப் பயன்படுத்துகிற எல்லோருடைய வேலை.

சுடும் நேரம் முழுக்கச் சிவப்புக் கொடி பறக்க வேண்டும், மேட்டின் இரு பக்கமும் காவலுக்கு ஆள் நிற்க வேண்டும். ஆடு மேய்க்கிறவருக்குக் கொடியின் அர்த்தம் தெரியாது. முந்தின நாளே ஊருக்குள் போய் நேரத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். ஆடு உள்ளே வந்தாலும் "ஸ்டாப்"தான். ஆட்டுக்குப் பின்னால் ஆள் வருவார்.

காதுக்கு அடைப்பான் கட்டாயம், பின்னால் நிற்பவருக்கும் சேர்த்து. தட்டியும் வெடிக்காத தோட்டா இருந்தால் முனையை மேட்டின் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருந்து, பிறகு போல்ட்டைத் (தோட்டா போடும் இடத்தை மூடியிருக்கும் கம்பியை) திறங்கள். தாமதமாக வெடிக்க வாய்ப்பு உண்டு. கழுத்து திறந்த சட்டை வேண்டாம், சூடான காலித் தோட்டா உள்ளே விழுந்தால் துள்ளுவீர்கள், கையில் ரைஃபிள் இருக்கும்.

13. கண்ணில் பட்டுவிட்டால்

தேய்க்க விடாதீர்கள், உள்ளே இருப்பதை எடுக்கப் பார்க்காதீர்கள். கண்ணில் அழுத்தம் படாதபடி ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து ஓரத்தில் டேப் ஒட்டி, தலையை நிமிர்த்தி உட்காரவைத்துக் கொண்டுபோங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். வேலூரில் பெரிய மருத்துவமனைக்கே பல வளாகங்கள் இருக்கின்றன. கண் அவசரத்தை எந்த வளாகத்தில், எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்று முன்பே விசாரித்துத் தளத்தின் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் ஆட்டோக்காரரிடம் தவறான இடத்தைச் சொல்லி அரை மணி நேரம் இழக்கக் கூடாது.

14. முடித்துவிட்டுக் கிளம்புவது

அவசரம் வருவது இங்கேதான். ஃபிளாக் போட்டு, ரேஞ்ச் ஆபீசரிடம் காட்டி, முனை டார்கெட் பக்கம் பார்த்தபடியே கேஸில் வைத்துப் பூட்டுங்கள். கேஸ் பூட்டிய பிறகுதான் ஜாக்கெட்டைக் கழற்றுவது, பேசுவது எல்லாம்.

பெல்லட் ஈயம். வாயில் கவ்விக்கொண்டு லோட் செய்கிற பழக்கத்தைப் பார்த்த அன்றே நிறுத்துங்கள். கோட்டில் எதையும் சாப்பிட வேண்டாம். சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவிய பிறகுதான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பது. தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் ஈயத் தூசி பறந்து மூச்சில் போகும். ஈரத் துணியால் துடையுங்கள். காயலான் கடையில் போடலாம் என்று பிள்ளைகளை வெறுங்கையால் பெல்லட் பொறுக்கவிடாதீர்கள். கையுறையோடு பெரியவர்கள் செய்கிற வேலை அது. துடைப்பது யார் என்று வாரப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினால், எப்போதும் ஒரே ஆள் தலையில் விழாது.

வீட்டுக்குப் போனதும் துப்பாக்கி ஒரு பூட்டில், பெல்லட் வேறு அறையில் வேறு பூட்டில். மொட்டை மாடியில் ஒரு ரவுண்டு என்ற யோசனை வரவே கூடாது. தகடும் கோடும் ரேஞ்ச் ஆபீசரும் இல்லாத இடம் அது, பக்கத்து மாடியில் துணி காய வைக்க யாராவது வருவார்கள். புறா, அணில் என்று யாராவது கேட்டுவந்தால், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்காகலாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். சாவி எங்கே இருக்கிறது என்பது வீட்டில் ஒரே ஒரு பெரியவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.